கிராங்க்கை மட்டும் பேலன்ஸ் செய்தால் உதறல் போகாது

‘கிராங்க் பேலன்ஸ் பண்ணியாச்சு, ஒர்க்‌ஷாப் கொடுத்த சீட்டும் இருக்கு. ஆனாலும் 3000 ஆர்பிஎம் தாண்டினா உதறுது.’ பழைய காரின் என்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பேலன்ஸ் என்பது சுழலும் பாகத்தின் எடையை மையத்தைச் சுற்றிச் சமமாக்குவது. அந்தச் சீட்டு கிராங்க்குக்கு (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கொடுத்தது, என்ஜினுக்கு அல்ல.

கிராங்க்கோடு சேர்ந்து ஃப்ளைவீல் (அதன் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரம்), அதன்மேல் மாட்டும் கிளட்சின் பிரஷர் பிளேட், முன் புல்லி எல்லாமே சுழல்கின்றன. 8 கிலோ ஃப்ளைவீல் மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகி உட்கார்ந்தால் போதும், 4000 ஆர்பிஎம்மில் சுமார் 14 கிலோ விசை கிராங்க்கைப் பிடித்து இழுக்கும். ஃப்ளைவீலை இடம் மாறாமல் பிடிக்கும் சிறு முளையான டவல் பின் தேய்ந்திருந்தால் ஃப்ளைவீல் ஓரம் தள்ளும். அது உட்காரும் கிராங்க்கின் முனைத் தட்டில் (ஃபிளாஞ்ச்) ஒட்டிய அழுக்கு அதைச் சாய்க்கும். மாட்டிய பிறகு விளிம்பு, முகம் இரண்டிலும் டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஃபோர்டு 302 வி8 வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம்: இதன் ஃப்ளைவீலில் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டியிருக்கும், பழையதற்கு 28 அவுன்ஸ்-இன்ச், 1980களில் வந்ததற்கு 50. மாற்றிப் போட்டால் உதறத்தான் செய்யும்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளை அப்படியே தராசில் போட்டு ‘எல்லாம் ஒரே எடை’ என்பதும் தப்பு. பெரிய முனை சுழல்கிறது, சின்ன முனை மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு முனையில் 6 கிராம் கூடி மறுமுனையில் 6 குறைந்திருந்தாலும் தராசு சமம் என்றே காட்டும். ஒரு முனையைத் தொங்கவிட்டு மறுமுனையை எடை போடுங்கள். எல்லா ராடுகளின் பெரிய முனைகளும் தங்களுக்குள், சின்ன முனைகளும் தங்களுக்குள் 2 கிராமுக்குள் ஒத்துவர வேண்டும்.

உதறல் என்றதும் என்ஜினை இறக்காதீர்கள், தயவுசெய்து. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். உதறினால் என்ஜின் பக்கம். கிளட்சை மிதித்ததும் மாறினால் கிளட்ச் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம் அல்லது பிரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு). அந்தத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவட்டை போன்ற யோக்குகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள். ஐடிலில் மட்டும் உதறி மேலே அடங்கினால் பேலன்ஸைத் தொடவே வேண்டாம். எடைக் கோளாறின் விசை 800 ஆர்பிஎம்மில் இருப்பதைவிட 3000இல் 14 மடங்கு. அது மேலே போகப் போகக் கூடுமே தவிர அடங்காது. கார்புரேட்டர், டாப்பெட், பிளக் வயர், கம்ப்ரஷன், இவற்றைப் பாருங்கள். (வரிசை 4 சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு முறை வரும் சிறு அதிர்வு பிறவிக்குணம். அதை மவுண்டிங் ரப்பர்தான் வாங்க வேண்டும். இறுகிப்போன ரப்பரைத் திரும்ப மாட்டாதீர்கள்.)

பேலன்ஸுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். முதலில் கிராங்க் தனியாக, பிறகு புல்லி, ஃப்ளைவீல், கடைசியாக பிரஷர் பிளேட். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்த பாகத்தில் மட்டும் எடையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிரஷர் பிளேட் எந்த நிலையில் மாட்டப்பட்டதோ அங்கே, ஃப்ளைவீலிலும் அதிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடியுங்கள். பெயிண்ட் குறி பெட்ரோலில் கழுவினால் போய்விடும்.