கொலுசு என்று தேடினால் கொலுசு கிடைக்க

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுகளை ஓர் ஆப்பில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். அதில் தேடும் வசதிக்கு நாமே தேடுபொறி எழுத வேண்டியதில்லை. அல்கோலியா போன்ற இணையத் தேடல் சேவையும், அதோடு பேச நம் நிரலில் சேர்க்கும் அதன் கிளையன்ட் லைப்ரரியும் போதும். தகவலை ஏற்றுவது, தேடலை அனுப்புவது, ஒரு சர்வர் பதில் தராவிட்டால் அடுத்ததைக் கேட்பது எல்லாம் லைப்ரரியின் வேலை. ஏற்றும் தகவல் சுத்தமாக இருப்பது நம் வேலை.

ஒவ்வொரு கொலுசுக்கும் ஒரு ரெக்கார்டு, அதாவது ஒரு பதிவு. ஐடியாக நம் ஸ்டாக் நம்பரையே கொடுங்கள். ஐடியைச் சேவையே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால், மறுபடி ஏற்றும்போதெல்லாம் ஒரே கொலுசு இரண்டு, மூன்றாகப் பெருகும். எடையை ‘120 கிராம்’ என்று எழுத்தாக அனுப்பினால் 100 முதல் 150 வரை என்று வடிகட்ட முடியாது. 120 என்று எண்ணாகவே அனுப்புங்கள். லைப்ரரி ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து அனுப்பும். அனுப்பியதுமே தேடலில் வந்துவிடாது. திரும்பி வரும் டாஸ்க் எண்ணுக்குரிய வேலை முடியும்வரை காத்திருந்துதான் சோதிக்க வேண்டும்.

அட்மின் கீ, அதாவது சேவையில் ஏற்றவும் அழிக்கவும் உரிமை தரும் ரகசியச் சாவி, நம் சர்வரைத் தாண்டக் கூடாது. ஆப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் கீ தெரிந்துவிடும். அட்மின் கீ கிடைத்தவர் நாம் ஏற்றிய ரெக்கார்டுகளின் தொகுப்பான இன்டெக்ஸை மொத்தமாக அழித்துவிடலாம். ஆப்புக்குள், தேட மட்டுமே உரிமை தரும் தேடல் கீ போதும்.

தமிழில்தான் நுணுக்கம் அதிகம். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேவையே இதைச் சரிசெய்யும் என்று நம்பி விடாமல், ஏற்றும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரி. கடைப் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’ இதற்கும் அடங்காது. அதை ‘ஸ’ வைத்தும் எழுதுகிறார்கள், ‘ஶ’ வைத்தும் எழுதுகிறார்கள். இவை இரண்டும் தனி எழுத்துகள் என்பதால் என்எஃப்சி தொடாது. நாமே மாற்ற வேண்டும்.

கொலுசை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காக அந்த வடிவத்தையும் ரெக்கார்டில் சேர்ப்போம். அது ஆறு எழுத்து. அல்கோலியாவின் இயல்பு அமைப்பில் நான்கு எழுத்திலிருந்து ஒரு பிழையும், எட்டிலிருந்து இரண்டு பிழையும் மன்னிக்கப்படும். ஆனால் முதல் எழுத்துப் பிழை இரண்டாகக் கணக்காகும். அதனால் ஆங்கில ‘கே’க்குப் பதில் ‘ஜி’யில் தொடங்கினால் கொலுசு வராது. ‘ஜி’யில் தொடங்கும் அந்த வடிவத்தையும், கொலுசைக் குறிக்கும் ‘பாதசரம்’ என்ற சொல்லையும் ஒத்தசொல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.