பிரெஸ்துப்லேனியே: குற்றமா, மீறலா?

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக வந்தது. தலைப்பில் நாம் ‘குற்றம்’ என்று படிப்பது மூலத்தில் ‘பிரெஸ்துப்லேனியே’. ரஷ்யச் சட்டத்திலும் செய்தித்தாளிலும் இன்றைக்கும் குற்றத்துக்கு அதுதான் சொல். ஆகவே தமிழ்த் தலைப்பில் பிழை இல்லை.

ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘பிரெ’ என்றால் தாண்டி, அப்பால். ‘ஸ்துப்’ என்பது அடியெடுத்து வைப்பது. ஒரு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைப்பதே பிரெஸ்துப்லேனியே. நம் ‘குற்றம்’ குறையைச் சுட்டும் சொல். சொற்குற்றம், பொருட்குற்றம் என்கிறோம். ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் செருக்கு, சினம், இவறன்மை (கஞ்சத்தனம்) மாதிரியான குணக்கேடுகளைத்தான். அங்கே யாரும் எதையும் தாண்டுவதில்லை.

நாவலிலோ கதையே தாண்டுவதில்தான் இருக்கிறது. கதாநாயகன் ரஸ்கோல்நிகோவ் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை அடகுக்காரி அல்யோனா இவானோவ்னாவிடம் கொண்டுபோய் நான்கு ரூபிள் கேட்கிறான். ஒன்றரைதான் என்கிறாள். அதிலும் ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்) வட்டியை முன்பே பிடித்துக்கொள்கிறாள், பழைய கடனின் வட்டியையும் சேர்த்து. கையில் விழுவது 1 ரூபிள் 15 கோபெக். தன் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டுக்கு 730 காலடி என்று எண்ணியும் வைத்திருக்கிறான்.

பிறகு அவளைக் கொன்றுவிடுகிறான். சரி, வறுமைதான் கொல்ல வைத்ததா? கொன்ற பிறகு எடுத்த பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கு அடியில் புதைத்துவிடுகிறான். பசிக்காக மட்டும் கொன்றிருந்தால் இப்போது சந்தோஷமாக இருந்திருப்பேன் என்று தோழி சோனியாவிடம் அவனே சொல்கிறான். அவன் தெரிந்துகொள்ள விரும்பியது, தன்னால் தாண்ட முடியுமா என்பதை. அதற்கு அவன் வாயில் வரும் வினைச்சொல் ‘பெரெஸ்துபீத்’, தலைப்புச் சொல்லின் உடன்பிறப்பு. கொன்றேன், ஆனாலும் தாண்டவில்லை, இந்தப் பக்கமே நின்றுவிட்டேன் என்று புழுங்குவதும் அதே வினையில்தான். ‘குற்றம் செய்யவில்லை’ என்று இதைப் பெயர்த்தால் அபத்தமாகிவிடும்.

தமிழில் எதைச் சொல்லலாம்? ‘அத்துமீறல்’ பொருளில் நெருங்கும். ஆனால் அதிலுள்ள ‘அத்து’, எல்லையைக் குறிக்கும் ‘ஹத்’ என்ற சொல், உருது வழியாக வந்தது. ‘கடத்தல்’ என்றால் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வரும், விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது ‘வரம்பு மீறல்’. வரம்பு என்பது வயல் வரப்பும்கூட, காலால் தாண்டுகிற எல்லை. தலைப்பு ‘குற்றம்’ என்றே இருக்கட்டும், அது நீதிமன்றத்துக்கும் பொருந்தும். ரஸ்கோல்நிகோவ் தன்னோடு வாதாடும் இடங்களில் மட்டும் ‘தாண்டினேன்’, ‘மீறினேன்’ என்று போட்டால் போதும்.