அஸ்த்ரகாலஸ் என்னும் பரட்டெலும்பு

சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு கரடு தென்படும். மலை என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லாத, பாறையும் முள்ளுமாகப் புடைத்து நிற்கும் மேடு. மரத்தில் முண்டும் கணுவுக்கும் கரடு என்றுதான் பெயர். தமிழ்ப் பேரகராதி இன்னொரு பொருளும் தருகிறது: காற்பரடு.

பரடு என்றால் கணுக்கால். கன்னடத்தில் இது ஹரடு. பாலு அங்கே ஹாலு ஆனதைப் போலத்தான். இவ்வளவு பழைய சொல் கையில் இருக்க, அழிந்துபோன காண்டாமிருகம் போன்ற விலங்குகளின் புதைபடிவ எலும்புகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், கணுக்காலில் உள்ள ஓர் எலும்பை அஸ்த்ரகாலஸ் என்றே எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தம்.

அஸ்த்ரகாலஸ் கிரேக்கச் சொல். கணுக்கால் எலும்பையும் குறிக்கும், சூதாட்டக் காயையும் குறிக்கும். ஆட்டின் பின்னங்கால் மூட்டிலிருந்து எடுத்த இந்தச் சிறு எலும்பை உருட்டித்தான் அவர்கள் விளையாடினார்கள். இரு முனையும் உருண்டிருப்பதால் நான்கு பக்கங்களில்தான் அது நிற்கும், நம் தாயக்கட்டையைப் போல. மனித உடற்கூற்றியலில் இதே எலும்புக்கு வழங்கும் டேலஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு.

சரி, அழிந்துபோன காண்டாமிருகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இனத்தை அறியப் பல்லும் மண்டையோடும்தான் முதல் சான்று. ஆனால் அவை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பரட்டெலும்பு சிறியது, கெட்டியானது, அதனால் முழுசாகவே மண்ணில் தங்கிவிடும். அதன் மேல்முகம் கிணற்றுக் கப்பி மாதிரி, இரண்டு வரம்பும் நடுவில் ஒரு பள்ளமுமாக இருக்கும். ஆடுமாடுகளுக்குக் கீழ்முனையிலும் இன்னொரு கப்பி உண்டு. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் மேலே மட்டும்தான். குதிரையில் பள்ளம் ஆழமாகச் சாய்ந்து ஓடும். காண்டாமிருகத்தில் எலும்பு அகன்றிருக்கும், பள்ளம் ஆழம் குறைவு. இவ்வளவும் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எந்தக் காண்டாமிருகம் என்பதுதான் கடினம். காலிப்பர் வைத்து அகலம், உயரம், வரம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் எல்லாவற்றையும் அளந்து, அந்த விகிதங்களைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். உள்ளங்கால் எலும்புகளும் கூட இருந்தால் நல்லது. பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகத்துக்குக் கால் குட்டை, கனம். அதே ஐரோப்பாவில் வாழ்ந்த மெர்க் காண்டாமிருகத்துக்குக் கால் நீளம். பிரான்சின் கிளோத் கெரேன் 1980இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இப்படிப்பட்ட அளவுகளை இனம் இனமாகத் தொகுத்து வைத்தார். ஓர் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஒரே இனத்திலும் சின்னதும் பெரியதும் இருக்கும், இரண்டு இனங்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இந்த வேலை நமக்கு அந்நியமும் இல்லை. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், கர்நாடகத்தின் கோகாக் அருகே கிடைத்த புதைபடிவத்தை வைத்து 1874இல் தக்காணக் காண்டாமிருகம் என்ற புது இனத்தை விவரித்தார். ஓய்வுக்குப் பிறகு அவர் குடியிருந்தது நம் ஏற்காட்டில். அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது.

அப்புறம், சொல்லுக்கு வருவோம். 'கணுக்கால் எலும்பு' என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மனிதக் கணுக்காலிலேயே ஏழு எலும்புகள், எது என்று தெரியாது. வெறும் 'பரடு' என்றாலும் குழப்பம்தான். தொட்டால் வெளியே தட்டுப்படும் புடைப்பு கீழ்க்கால் எலும்புகளின் முனை, நாம் பேசும் எலும்பு அவற்றுக்கு நடுவே மறைந்திருக்கிறது. ஆகவே மூட்டு முழுவதற்கும் கணுக்கால், இந்த ஓர் எலும்புக்குப் பரட்டெலும்பு என்று வைத்துக்கொள்ளலாம். மேல்முகத்தை ட்ரோக்லியா என்கிறார்கள். அதுவும் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த, கப்பியைக் குறிக்கும் சொல்தான். நாம் கப்பிமுகம் என்றே எழுதலாம்: 'காண்டாமிருகத்தின் இடது பரட்டெலும்பு, கப்பிமுகம் தேய்ந்தது.'