பில் போட்டா எவ்வளவு, போடலைன்னா எவ்வளவு?

என் பலகையில் ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து தருபவன், என்றுதான் எழுதியிருக்கிறது. கடைத்தெருவில் எல்லோருக்கும் நான் 'ஆடிட்டர் சார்'. திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு சிற்றுணவகக்காரர் காலாண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். பில் கட்டைப் புரட்டினால் ஒவ்வொன்றிலும் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5%, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 2.5%. அவர் இருப்பது காம்போசிஷன் திட்டத்தில். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் சிறு கடைகளுக்கான ஏற்பாடு அது. விற்றுமுதலில் 5 சதவீதத்தை உணவகக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சாப்பிட வந்தவரிடம் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது.

"பில்லிங் மிஷின் போட வந்த பையன் அப்படித்தான் சார் செட் பண்ணிக் குடுத்தான். பக்கத்துக் கடையிலயும் போடுறாங்களே" என்றார்.

பக்கத்துக் கடை ரெகுலர் பதிவு, வாடிக்கையாளரிடம் வரி வாங்கி அரசுக்குக் கட்டும் வகை. இவர் வாங்கியது வரியே இல்லை. ஆனால் வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டியாக வேண்டும். பிடிபட்டால் வட்டியோடு அதே அளவு அபராதமும் வரும். இதைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. கெட்ட மனிதர் இல்லை. கல்லாவில் கூடுதலாக விழுந்த பணத்தை ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிடப் போகிறவர் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பில்லில் வரி போட்டிருந்தால் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி மட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடுங்கள், ரெகுலரா காம்போசிஷனா என்று காட்டிவிடும். காம்போசிஷன் கடைக்காரர் வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்பதைத் தன் பில்லின் தலையிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது விதி.

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. அது வரி அல்ல, உணவகத்துக்கே போகும் பணம். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று எம்ஆர்பிக்கு மேல் வாங்குவதும் தப்பு. உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் மட்டும் அந்த வாதம் எடுபடாது. அங்கே பாட்டிலோடு உபசரிப்பும் சேர்ந்துதான் விற்கப்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

இனி என் மேஜைக்கு எதிரே உட்காரும் மற்றவர்கள். சர்வீஸ் சார்ஜுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டு எடுக்க வைத்ததைப் பெருமையாகச் சொன்ன ஒரு நண்பர், அதே மூச்சில் கேட்டார்: "வருமான வரியில கழிச்சுக்க அம்மா பேர்ல ஒரு வாடகை ரசீது ரெடி பண்ணிக்கலாமா?" அம்மாவுக்கு நிஜமாகவே வாடகை கொடுத்து, அம்மாவும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால் தப்பில்லை. இவர் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. கேட்டால், "மாசச் சம்பளக்காரனைத்தானே பிழியறான்? நமக்கும் ஏதாவது கிடைக்கணும்ல." புதிய வருமான வரித் திட்டத்தில் வாடகைப்படிக் கழிவே கிடையாது, அதற்குப் போனவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வருவதில்லை. மனது மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

வீடு கட்டுகிறவர்கள் கேட்பது இன்னொன்று. ஒரு லட்சத்துக்கு டைல்ஸ், 18% வரி, பில் இல்லாமல் வாங்கினால் பதினெட்டாயிரம் மிச்சம். பில் கொடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. ஆனால் பில் வேண்டாம் என்று கெஞ்சி வாங்கியவர், டைல்ஸ் விரிசல் விட்டதும் எந்தக் காகிதத்தோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்? கேட்டுப் பார்த்தேன். "நீங்க கடைக்காரன் பக்கமா?" என்றார்.

என்னையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை குடும்பத்தோடு சாப்பிட்ட பில்லில் இரண்டு காபி விட்டுப்போயிருந்தது. ஊரார் பில்லையெல்லாம் கூட்டுகிறவன், என் கண்ணுக்குத் தப்புமா? போன வாரம் இதே ஆள் சில்லறை இல்லை என்று மூன்று ரூபாய் தராமல் அனுப்பினாரே என்று ஒரு கணக்கை மனது தயாராக வைத்திருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் போய் அறுபது ரூபாயை நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அன்னைக்குக் கணக்கு முடிஞ்சிருச்சு சார். இதை எதுல கொண்டு வர்றது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு காபிக்குப் புதிதாக பில் போட்டார். வரியோடு அறுபத்து மூன்று. இன்னும் மூன்று ரூபாய்க்குப் பையைத் துழாவினேன்.