வரிதான் போச்சு, பதிவு போகவில்லை: அமெரிக்காவில் சைலென்சர் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு

2026 ஜனவரி 1 முதல், துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்கும் சைலென்சருக்கும் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் கட்டவேண்டியிருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி பூஜ்ஜியமாகிவிட்டது. உடனே "இனி பதிவே வேண்டாமாமே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டும். இவற்றுக்குப் பதிவு கேட்கும் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்-இன் ஒப்புதல் எதுவும் குறையவில்லை. ஒப்புதல் இல்லாமல் கையில் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

படிவத்தைத் தொடுமுன் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 விசாக்களில் வந்தவர்கள் சாதாரணத் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் இந்த விலக்கைத்தான் உரக்கச் சொல்வார்கள். உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் போய்விடும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போய், கையில் ரைஃபிளைக் கொடுத்துப் படம் எடுப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

கிரீன் கார்டு இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது. குடியுரிமை பெற்றவருக்குச் சிறையோடு முடிகிற விஷயம், நமக்கு விமான நிலையம் வரை வரும். கஞ்சா மாநிலத்தில் செல்லும் என்று நம்பிப் பழகியவர்களும் கவனிக்க: கஞ்சாப் பழக்கம் உண்டா என்று படிவம் கேட்பது கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மாநிலச் சட்டத்தின்படி அல்ல.

அடுத்தது மாநிலம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ் என்று நம்மவர்கள் நிறைந்த மாநிலங்களிலேயே தனிநபர் சைலென்சர் வைத்திருக்க முடியாது. டெக்சாஸில் தலைகீழ்ச் சிக்கல். "இங்கேயே தயாரித்தது, இங்கேயே இருந்தால் கூட்டாட்சிப் பதிவு தேவையில்லை" என்று அந்த மாநிலம் 2021-இல் சட்டம் போட்டது. கான்சாஸில் முன்பே இப்படி ஒரு சட்டம் இருந்தது. அதை நம்பிச் சைலென்சர் விற்றவர், வாங்கியவர் இருவருமே கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். மாநிலச் சட்டத்தை நம்பினோம் என்ற வாதம் எடுபடவில்லை. சட்டம் போட்ட சட்டமன்றத்தார் யாரும் கூண்டில் ஏறவும் இல்லை.

குட்டைக் குழல் ரைஃபிளுக்கு ஒரு பதிவு, சைலென்சருக்கு இன்னொரு பதிவு. ஒன்றுக்கு வந்த ஒப்புதல் மற்றதற்குச் செல்லாது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாகவோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவாகவோ இருந்தால் அது குட்டைக் குழல் ரைஃபிள். "சைலென்சரை மாட்டினால் 16 வந்துவிடுகிறதே" என்பார்கள். கழற்ற முடிகிற எதுவும் குழல் நீளத்தில் சேராது.

தயாரான சைலென்சரை உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் படிவம் 4. ஒப்புதல் வரும்வரை பொருள் கடையிலேயே இருக்கும், உங்களுக்கும் நிம்மதி. சொந்தமாகச் செய்யப்போகிறவருக்குப் படிவம் 1. மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஒப்புதல் வருமுன் ரைஃபிளைக் குட்டையாக்கக் கூடாது. சைலென்சர் செய்யும் நோக்கத்தோடு சேர்த்த பாகங்களே சட்டப்படி சைலென்சர்தான். குழல் துடைக்கும் சாதனம் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் 'சால்வெண்ட் டிராப்' பெட்டியை முன்கூட்டியே வாங்கிவைத்து, பிறகு நேர்மையாகப் படிவம் 1 போட்டவர்கள் பலருக்கு 2022-இல் ஏடிஎஃப் மறுப்பு அனுப்பியது. எந்தச் சந்தேகமும் இல்லாத வழி வேண்டுமென்றால் படிவம் 4-உடன் நில்லுங்கள்.

இனி அலைச்சல். நம் ஊர்ப் பெயர்கள் அமெரிக்கப் படிவத்தில் படும் பாடு தெரிந்ததே. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு முன்னால் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று மூன்றெழுத்து ஒட்டியிருக்கும். விண்ணப்பத்திலும் கைரேகை அட்டையிலும் அடையாள அட்டையிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். முதலில் ஓட்டுநர் உரிமத்தைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. கைரேகை மங்கலாக இருந்தால் அங்கேயே இன்னொரு அட்டை கேளுங்கள். அனுப்பியபின் வருந்திப் பயனில்லை.

உள்ளூர் ஷெரீஃபுக்கோ காவல்துறைத் தலைவருக்கோ ஒரு நகல் போகவேண்டும். "நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை" என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. 2016-லிருந்து அவர்கள் கையெழுத்தே தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனிநபராகப் பதிந்தால், நீங்கள் இல்லாதபோது பொருள் இருக்கும் பெட்டகத்தை மனைவி திறக்க முடிவதே சிக்கல். சாவி, எண் இரண்டும் உங்களோடு இருக்கட்டும். டிரஸ்ட், அதாவது பொருளைப் பலர் சேர்ந்து வைத்திருக்க வழிசெய்யும் சட்ட ஏற்பாடு, வைத்தால் இருவரும் வைத்திருக்கலாம். ஆனால் டிரஸ்டில் பொறுப்பாளராக வரும் ஒவ்வொருவரும் கைரேகையும் படமும் தரவேண்டும், விசாத் தடை அவர்களுக்கும் உண்டு.

மாநில எல்லை தாண்டும்போது சைலென்சருக்கு ஏடிஎஃப்-இன் முன் அனுமதி வேண்டாம், போகிற மாநிலம் அனுமதித்தால் போதும். குட்டைக் குழல் ரைஃபிளுக்குப் படிவம் 5320.20-இல் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், வீடு மாறிப் போனாலும்கூட. இரண்டின் ஒப்புதல் நகலையும் துப்பாக்கிப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.