நிலா ஒரு சுற்று வர 27 நாளா, 29 நாளா?

கோளரங்கத்தில் காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று தவறாமல் வரும். "நிலா பூமியைச் சுற்ற 27 நாள் என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 நாள் என்று இன்னொரு இடத்தில் போட்டிருக்கிறது. எது சரி?" கூட வந்த பெரியவர்கள் "ஏதாவது அச்சுப்பிழையாக இருக்கும்" என்று சமாளிப்பதும் உண்டு. அச்சுப்பிழை இல்லை. இரண்டுமே சரிதான்.

ஒரு நட்சத்திரத்தின் அருகிலிருந்து கிளம்பிய நிலா, வானத்தை முழுசாகச் சுற்றி அதே நட்சத்திரத்தின் அருகே வந்து சேர 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். நடுவில் விழும் இந்த இரண்டு நாள் ஐந்து மணிக்குக் காரணம் நிலா இல்லை, பூமி.

கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்கும். பெரிய முள் ஒரு சுற்று முடித்துப் பன்னிரண்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் சின்ன முள் ஒன்றுக்குப் போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்கப் பெரிய முள்ளுக்கு இன்னும் ஐந்தரை நிமிடம் வேண்டும். பெரிய முள் நிலா, சின்ன முள் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால், நம் பார்வைக்குச் சூரியன் நட்சத்திரங்களின் ஊடே நாளுக்கு ஒரு டிகிரி அளவில் கிழக்கே நகர்கிறது. நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் அது 27 டிகிரி தள்ளிப் போயிருக்கும். நிலா நாளுக்கு 13 டிகிரி போகும். ஆனாலும் அந்தப் பாக்கியைத் தீர்க்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலாகிவிடுகிறது. அமாவாசை என்றால் நிலாவும் சூரியனும் ஒரே திசையில் சேர்வது, பௌர்ணமி என்றால் எதிரெதிரே நிற்பது. இரண்டிலும் சூரியன் இருக்கிறது, அதனால் பூமியின் ஓட்டமும் கணக்கில் வந்துவிடுகிறது.

நான் சொல்கிறேன் என்று இதை நம்ப வேண்டியதில்லை, மாடியில் நின்றே பார்க்கலாம். ஏப்ரல் மாதப் பௌர்ணமி நிலா பெரும்பாலும் சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி இருக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு பளிச்சென்ற நட்சத்திரம் இல்லாமல், நீலம் கலந்த வெள்ளையாகத் தனித்துத் தெரியும். 27 நாள் கழித்து மறுபடி பாருங்கள். நிலா அதே நட்சத்திரத்தின் பக்கத்துக்கு வந்திருக்கும், ஆனால் ஒரு ஓரம் நிரம்பாமல் இருக்கும். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. அது முழுசாகும்போது விசாகத்தின் பக்கம் போயிருக்கும். அதற்கடுத்த பௌர்ணமியைக் கேட்டையின் செந்நிற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடலாம்.

இதைச் சொல்லும்போதே, பிறைகள் பூமியின் நிழலால் உண்டாகின்றன என்று யாராவது குறுக்கிடுவார்கள். படித்தவர்களிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது.

29 நாள் கணக்குக்குச் சந்திரயான் 3 நல்ல சாட்சி. விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியபோது அந்த இடத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. சூரிய ஒளியில் இயங்கும் கருவிகள் என்பதால் அங்கே ஒரு பகல், அதாவது நமக்குப் பதினான்கு நாள் வரைக்கும்தான் வேலை. செப்டம்பர் தொடக்கத்தில் எல்லாவற்றையும் உறங்க வைத்துவிட்டு, அடுத்த விடியலை 22ஆம் தேதி வாக்கில் எதிர்பார்த்தார்கள். நிலா தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்வது 27 நாளில்தான். விடியலுக்கு விடியல் என்று எண்ணினால் இருபத்தொன்பதரை. அதே பாக்கிதான் இங்கேயும்.

சரி, நிலாவே தேவைப்படாத மாதமும் இருக்கிறது. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 டிகிரியைக் கடக்கும் காலம். மார்கழிக்கு 29 நாள், சில ஆண்டுகளில் 30. ஆனிக்கு 32, சில ஆண்டுகளில் 31. காலண்டர் போடுகிறவர்கள் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் அது சூரியனுக்கு மிக அருகே, 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கும். ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடிக்கு விலகும். அருகே இருக்கும்போது வேகம் கூடும், விநாடிக்கு 30.3 கிலோமீட்டர். தூரத்தில் 29.3. அதே 30 டிகிரியை மார்கழியில் சீக்கிரம் கடந்துவிடுகிறோம், ஆனியில் மெதுவாக. சொல்லப்போனால், பூமியின் ஓட்டத்தை இவ்வளவு நேராகக் காட்டும் மாதக் கணக்கு அபூர்வம்.

இரண்டு ஓட்டங்களையும் ஒன்றாகக் கட்டப் பார்க்கும்போதுதான் தலைவலி. பன்னிரண்டு நிலா மாதம் சேர்த்தால் சுமார் 354 நாள்; ஆண்டுக்கு 11 நாள் துண்டு விழுகிறது. இஸ்லாமிய நாட்காட்டி அதை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. யூத நாட்காட்டியும் சீன நாட்காட்டியும் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கின்றன, 19 ஆண்டுகளில் ஏழு மாதம். ஏன் 19 என்றால், அத்தனை ஆண்டுகளில் 235 நிலா மாதங்கள் ஏறக்குறைய கச்சிதமாக அடங்குகின்றன, வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். கி.மு. 432இல் ஏதென்ஸ் நகரத்து மெட்டன் இதை முன்வைத்தார். பாபிலோனியர்களும் இதே சுழற்சியைப் பயன்படுத்தினார்கள்.

ஜனவரி, பிப்ரவரி கணக்கு நிலாவை எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனாலும் அந்த ஏழு அங்கேயும் எட்டிப் பார்க்கிறது. 19 ஆண்டில் 228 மாதம், ஆனால் 235 பௌர்ணமி. எனவே குறைந்தது ஏழு மாதங்களில் இரண்டு பௌர்ணமி வந்தே ஆக வேண்டும். 'நீல நிலா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். நிலா நீலமாகவெல்லாம் மாறாது. 2026 மே மாதத்தில் 1ஆம் தேதியும் 31ஆம் தேதியும் அப்படி அமைகின்றன. பிப்ரவரி மட்டும் நிலா மாதத்தைவிடக் குட்டை என்பதால் அதில் பௌர்ணமியே விழாமலும் போகலாம். 2018இல் அப்படித்தான் ஆனது. முன்னும் பின்னும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இரண்டிரண்டு.

அப்புறம், இந்த பிப்ரவரியில் எல்லாக் கிழமையும் நான்கு முறை வருகிறது, இது 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்று ஒரு செய்தி வருமே, அதற்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லை. அனுப்பியவரை 28ஐ ஏழால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லீப் ஆண்டு அல்லாத எல்லா பிப்ரவரியும் அப்படித்தான்.