கால் பிடிப்புக்கு மக்னீசியம் குளிசையா? முதலில் கிரியற்றினினைப் பாருங்கள்

சீனி வருத்தக்காரருக்கு இரவில் கெண்டைக்கால் பிடித்தால் இப்போது அயலவரே மக்னீசியம் குளிசை வாங்கச் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். குளிசைக்கு முன் கிரியற்றினினை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையை, பார்க்கவேண்டும். வயல்வெயிலில் நீர் வற்றினாலும், நரம்பு பாதித்தாலும், பொட்டாசியம் குறைந்தாலும் கால் பிடிக்கும்.

இரத்தத்தில் சீனி ஏறி நின்றால் சிறுநீர் கூடுதலாகப் போகும். அதோடு மக்னீசியமும் போகும். இன்சுலினின் சேதியைக் கலத்துக்குள் கடத்தும் நொதியம் மக்னீசியம் இல்லாமல் வேலை செய்யாது. அது குறையக் குறைய இன்சுலின் எடுபடாது, சீனி இன்னும் ஏறும். பிறஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைட், கால்வீக்கத்துக்கான ஃபுருசமைட், வயிற்றெரிவுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஒமெப்பிரசோல் ஆகியவையும் மக்னீசியத்தைக் குறைக்கும்.

இரத்தத்தில் மக்னீசியம் லீற்றருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை வழமை. ஆனால் உடம்பு மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தநீரில் இல்லை. அதனால் அறிக்கை சரியாக வந்தாலும் குறைபாடு இருக்கலாம்.

காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் வவுனியா மாவட்டத்தையும் விடவில்லை. பழுதான சிறுநீரகம் மிஞ்சிய மக்னீசியத்தை வெளியேற்றாது. அது தேங்கினால் வாந்தி, தசைத் தளர்ச்சி, பிறஷர் இறக்கம், கடைசியில் இதயத்துடிப்பே மந்தமாகும். ஈஜிஎஃப்ஆர் (கிரியற்றினினை வைத்துக் கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30க்குக் கீழ் என்றால் வைத்தியர் சொல்லாமல் இந்தக் குளிசையைத் தொடவே வேண்டாம். மக்னீசியம் கலந்த வயிற்றெரிவு மருந்துக்கும் இதே கதிதான்.

போத்தலில் 'மக்னீசியம் ஒக்சைட் 400 மி.கி.' என்றிருந்தால் உள்ளே மக்னீசியம் ஏறத்தாழ 240 மி.கி. அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். மிச்சம் வயிற்றை இளக்கும். சீனிக்கான மெற்போமின் குளிசையால் ஏற்கெனவே வயிறு இளகுபவருக்கு இது பெருந்தொல்லை. தைரொயிட்டுக்கான தைரொக்சின் எடுப்பவர் இரண்டுக்கும் இடையில் 4 மணித்தியாலம் விடவேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சாப்பாடே நல்ல வழி. நாளொன்றுக்கு ஆண்களுக்கு 400, பெண்களுக்கு 310 மி.கி. அளவு தேவை. ஒரு பிடி (30 கிராம்) கச்சானில் 50 மி.கி., 100 கிராம் குரக்கன் மாவில் 140 மி.கி. அளவு உண்டு. வெள்ளையாகத் தீட்டிய அரிசி 100 கிராமில் 25 மி.கி.தான், தீட்டாததில் 100க்கு மேல். சொந்த வயல் நெல்லின் தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு ஃபார்மசியில் குளிசை வாங்குவது பெரிய இழப்பு. மில்லில் கொடுக்கும்போதே, கோது மட்டும் போகக் குத்தித் தரச் சொல்லுங்கள். குரக்கன் பிட்டைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், சோற்றோடு சேர்த்தல்ல. குரக்கனிலும் நூற்றில் எழுபது பங்கு மாச்சத்துதான்.